பஞ்சர் கடையில் நாடுகளுக்கு மார்க்

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மதியம், அன்னவாசலிலிருந்து இலுப்பூர் போகும் வழியில் நடந்தது. நான் பள்ளி ஆசிரியர். நாற்பத்தாறு வயதில் ஆசைப்பட்டு, தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். எந்த நாட்டுக்காரர் உழைப்பாளி, எந்த நாட்டுக்காரர் கோபக்காரர் என்று மக்கள் நினைக்கிறார்கள், அதை ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போடச் சொல்லி அளப்பதுதான் என் ப்ராஜெக்ட். திங்கட்கிழமைக்குள் முப்பது படிவம் சேர வேண்டும். இல்லையென்றால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். கையில் இருந்தது இருபத்தொன்பது.

அந்த நேரம் பார்த்து பைக் பஞ்சர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் நிறுத்தியபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பாதி வேலையில் எழுந்து ஓட முடியாத ஒரு ஆள் கிடைத்துவிட்டார். கடைக்காரருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கையெல்லாம் கிரீஸ். அவர் டயரைக் கழற்றும்போதே, நேரத்தை மிச்சப்படுத்த, ‘வெளிநாட்டவருடன் பழக்கம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நானே டிக் அடித்துவிட்டேன்.

நேபாளிகள் உழைப்பாளிகளா, அஞ்சுக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன்.

"எந்த நேபாளி சார்?" என்றார்.

தூக்கிவாரிப்போட்டது. கத்தாரில் ஏழு வருஷம், ஒரே அறையில் நாலு நாட்டுக்காரர்களோடு இருந்தவராம். நேபாளிகளே இரண்டு பேர். ஒருவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து டீ போடுவார். இன்னொருவர் தான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவமாட்டார். ஆளுக்கொரு படிவம் கேட்டார். என்னிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று. ரெண்டு பேருக்கும் பொதுவாக மூன்று போட்டுவிடலாமா என்று கெஞ்சினேன். டீ போட்டவருக்கு அது அநியாயம் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

சரியென்று, பாகிஸ்தானியர் கோபக்காரர்களா என்ற கேள்விக்குத் தாவினேன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடியபடியே சொன்னார்.

"எங்க ரூம்ல ஒருத்தரு இருந்தாரு, ரொம்பக் கோவக்காரரு. எனக்குக் காய்ச்சலு, லீவு தரமாட்டேன்னுட்டாங்க. எனக்காக சூப்பர்வைசர்கிட்ட சண்டைக்குப் போனாரு சார். அந்தக் கோவத்துக்கு எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க."

 கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கிப் பார்த்தார். அந்த ‘இல்லை’ கண்ணில் பட்டுவிட்டது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"விடுங்க சார். நாளைக்கு யாராச்சும் வந்து வாத்தியாருங்களுக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டா, ஒங்கள வச்சா போடப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் காற்றடிக்கத் தொடங்கினார்.

மற்ற இருபத்தொன்பதிலும் இப்படி எத்தனை ‘இல்லை’யை நானாகப் போட்டிருந்தேன் என்பது எனக்குத்தானே தெரியும். ஒவ்வொருவரிடமும் மறுபடி போய் உட்கார்ந்தேன். பட்டம் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. கடைக்காரர் எனக்கு மார்க் போடாமல் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அன்று எனக்கு நானே போட்டுக்கொண்ட மார்க்கை இன்றுவரை வீட்டில்கூடச் சொல்லும் தைரியம் வரவில்லை.