கல்யாணப் பதிவேட்டில் இல்லாத செபஸ்தியம்மாள்

பங்குக் கோயிலில் எழுத்தர் வேலை என்றால், செத்துப்போனவர்கள் விட்டுவிட்டுப் போன குழப்பத்துக்கெல்லாம் உயிரோடு இருப்பவன் பதில் சொல்லும் வேலை. பழைய பதிவேடுகளோடு மாரடித்து, தும்மித் தும்மிக் கண் கெட்டுப்போன சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியாததல்ல.

சேற்றுக் காலோடு வந்தவள்

எங்கள் பங்கு திருவாரூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்தது. கழக ஆட்சியில், குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த புதிது. நடவிலிருந்து நேரே, காலில் சேறு காயாமல் லூர்துமேரி வந்து நின்றாள். அவள் குடிசை இருந்த மனை மிராசுதாருடையது. சங்கத்துக்காரர்கள் துணையோடு நேற்றுதான் ராவோடு ராவாகக் குடிசை போட்டார்கள் என்று மிராசுதாரின் காரியஸ்தர் மனு கொடுத்துவிட்டார். அக்கம்பக்கத்தார் சாட்சியும் எடுபடவில்லை. அவர்களெல்லாம் செங்கொடிச் சங்கத்து ஆட்களாம், பொய்தான் சொல்வார்களாம். பழைய அத்தாட்சி ஏதாவது கிடைக்காவிட்டால் மனை கையை விட்டுப் போய்விடும்.

அங்கே முதலில் குடியிருந்தது அவள் அப்பாவின் அத்தை செபஸ்தியம்மாள். பெற்றவர்களை இழந்த அவள் அப்பாவை வளர்த்து ஆளாக்கியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டதுமே எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நம் தொழிலில் ஒரு பெண்ணைத் தேட வேண்டுமென்றால் முதலில் கல்யாணப் பதிவேட்டைத்தான் புரட்டுவோம். தகப்பன் பெயர், ஊர், தெரு எல்லாம் அதில்தான் இருக்கும். அவள் பிறந்த காலத்து ஞானஸ்நானப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. அவள் காலராவில் போனவள். அந்த வருஷத்து அடக்கப் பதிவேட்டில் செத்தவர்களைப் பெயர்கூடப் போடாமல் தெருத் தெருவாக எண்ணி முடித்திருந்தார்கள். கல்யாணம் கட்டாதவர்களைத் தேடுவது கஷ்டம் என்றேன்.

"கல்யாணம் கட்டலன்னா வாழவே இல்லன்னு ஆயிடுமாய்யா?"

மடத்துக் கதவு

பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். கல்யாணமாகாதவள் என்றால் கொஞ்ச காலமாவது கன்னியர் மடத்தில் இருந்திருப்பாள், போய்ப் பார் என்றார். அவர் வெளியூர்க்காரர், தெரியாமல் சொன்னார். உள்ளூர்க்காரனான நானும் தலையாட்டிவிட்டு, வாய்க்கால் கரையோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு அடுத்த பங்கில் இருந்த மடத்துக்குப் போனேன். வயதான மதர் ஒருவர் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தெரு என்று கேட்டார். மடையடித் தெரு, வயல்வேலைக்காரர்கள் தெரு என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை, வெட்கம்தான் இருந்தது.

"நாத்து பறிக்கிற வீட்டுப் பொண்ணுக்கு அந்தக் காலத்துல இந்தக் கதவை யாரு தொறந்தாங்க தம்பி?"

மூன்றாவது குழந்தை

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு ஞானஸ்நானம். மடையடித் தெருப் பெண். முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை, இது மூன்றாவது. ஞானத்தாயாகக் குழந்தையை ஏந்தி நின்றவள் கல்யாணமாகாத நடுவயதுக்காரி. வழக்கமாகச் சித்தியோ மாமியோதான் நிற்பார்கள். பெயரை எழுதிக்கொண்டே, உறவில் யாரும் கிடைக்கவில்லையா என்று தாயிடம் கேட்டேன்.

"தாலி கட்டாதவ தூக்கிட்டு வந்தா புள்ள தங்கும்யா, எங்க தெருவுல அப்படித்தான்."

பக்கத்துக்குப் பக்கம்

அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. கரையானுக்குத் தப்பிய பிந்தைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்து, அவசரத்துக்கு எழுதி நாம் யாரும் திரும்பிப் பார்க்காத ஞானத்தாய்ப் பெயர்களை மட்டும் படித்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தாள். 'செபஸ்தியம்மாள், கன்னி, மடையடித் தெரு.' அடுத்த பக்கத்திலும் இருந்தாள். சாமியார்கள் மாறினார்கள், கையெழுத்து மாறியது, அவள் மாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. லூர்துமேரியை வரவழைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தனை புள்ளைங்களையா தூக்குனாங்க, எங்கப்பா சொல்லவே இல்லியே."

எந்த வாசல்

விசாரணைக்கு அதிகாரி தெருவுக்கே வந்தார். காரியஸ்தரும் லேசுப்பட்டவர் அல்ல. தெருவில் இருந்திருக்கலாம், இந்த மனையில்தான் இருந்தாள் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அதிகாரி பதிவேட்டை வாங்கி, அவள் தூக்கிய குழந்தைகளின் பெயர்களைப் படித்து, உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிடச் சொன்னார். தலை நரைத்த குழந்தைகள் வந்தார்கள். இவர்களும் சங்கத்து ஆட்கள்தான் என்றார் காரியஸ்தர். "இதை எழுதினப்ப சங்கம் ஏதுய்யா?" என்று அதிகாரி அவர் வாயை மூடினார்.

ஈஸ்டர் அன்று ஞானத்தாய் வீட்டு வாசலில் மண்டியிட்டு ஆசீர்வாதம் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அதைத் தெரிந்துகொண்டு, எந்த வாசல் என்று ஒவ்வொருவராகத் தனியே அழைத்துக் கேட்டார் அதிகாரி. எல்லோரும் லூர்துமேரி வீட்டைத்தான் காட்டினார்கள். கடைசியாக வந்த கிழவருக்குக் கண் தெரியாது. வேலிப் படலைத் தடவிக்கொண்டே போய், அதே வாசலில் மண்டியிட்டார். போதும், எழுந்திருங்கள் என்றார் அதிகாரி. அவர் அசையவில்லை.

"ஆத்தா தலையில கை வெச்சு எந்திரின்னு சொன்னாத்தான்யா நாங்க எந்திரிக்கிறது."

மனை லூர்துமேரிக்கே ஆயிற்று. அன்றிலிருந்து ஒரு பெண்ணைத் தேடி யார் வந்தாலும், அவளைக் கட்டியவன் யார் என்பதை விட்டுவிட்டு அவள் யாரைத் தூக்கினாள் என்றுதான் முதலில் கேட்கிறேன், வேலையும் சீக்கிரம் முடிகிறது, தும்மலும் குறைச்சல்.