நடுரோட்டோட நிண்டுபோன கால்தடம்

பேய், பிசாசு எண்டு ஆராவது கதைச்சா முதல் ஆளாச் சிரிக்கிறவன் நான். நீங்களும் சிரிப்பியள், சிரியுங்கோ, ஆனா முழுக்கக் கேட்டிட்டுச் சிரியுங்கோ.

நான் பாலையூற்று. ரோட்டுக்கு வெள்ளைக்கோடு கீறுற வேலை. பெயின்டை உருக்கி ஊத்தி, சூடு ஆற முதல் கல்லுத்தூள் தூவவேணும், இல்லாட்டி மழைக்கு எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்கும். கிண்ணியாவில, குறிஞ்சாக்கேணியில, சனம் ரோட்டைக் கடக்கிறதுக்கு வேற ஆக்கள் தூள் போடாமக் கீறின கடவையில ஒரு பொடியன் வழுக்கி விழ, பஸ் ஏறிட்டுது. இடக்காலில செருப்பு இருந்ததாம், வலக்கால் செருப்பு இண்டைவரைக்கும் கிடைக்கேல்ல.

அதே கடவையைத் திரும்பக் கீறத்தான் நாங்கள் போனனாங்கள். பொடியன்ட தாய் வந்து நிண்டா. "தம்பி, தூள் போடுங்கோ, அவன்ட தங்கச்சியும் இதாலதான் பள்ளிக்குப் போறா."

எங்கட சூப்பவைசருக்கு வாய் நல்லா இருந்தாத்தானே. "தூள் போட்டா வெள்ளை கெதியா ஊத்தையாகும் ராத்தா. உங்கட மகனுக்கு நடக்கத் தெரியாததுக்கு நாங்க ரோட்டை ஊத்தையாக்கவோ?"

எனக்கெண்டா அவன்ட கன்னத்தில ஒண்டு குடுக்கவேணும் போல இருந்தது, குடுக்கேல்ல.

நல்ல மத்தியானம், ரோட்டை மறிச்சிருந்தனாங்கள், ஒரு காக்காய் இல்லை. ஊத்தின பெயின்ட் தோலுரிக்கிற சூட்டில கிடக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பினா, நம்பினா நம்புங்கோ, அதில கால்தடம். இடக்கால் செருப்போட, வலக்கால் வெறுங்கால். நடுரோட்டு வரைக்கும் போகுது, அதுக்கங்கால ஒண்டுமில்லை.

சூப்பவைசர் எங்களை ஏசி, திரும்ப ஊத்த வைச்சான். ஆறினதும் அதே இடத்தில அதே தடம் இறங்கிட்டுது. தாய் வந்து குந்தியிருந்து கையை அதுக்குள்ள வைச்சா. "இவ்வளவு தூரம் வந்தனீ, மிச்சத்தையும் வந்திருக்கலாமே மகன்." அப்பவும் சூப்பவைசர், "இப்பவாவது நடக்கப் பழகியிருக்கிறான்" எண்டு சிரிச்சான், பாவி.

கோடெல்லாம் தேஞ்சுபோச்சு, தடம் மட்டும் தேயேல்ல. இந்த வருசம் திரும்பக் கீறப் போனம். அதே சூப்பவைசர், இந்த முறையும் தூள் இல்லை. பழைய தடம் வந்தது, அது எங்களுக்குப் பழகிட்டுது. ஆனா பக்கத்தில இன்னொரு சோடி, சின்னன், பள்ளிக்கூடச் சப்பாத்து. அதுவும் நடுரோட்டோட நிக்குது.

அந்தத் தங்கச்சிப் பிள்ளை உயிரோடதான் இருக்குது, நாளாந்தம் அதாலதான் போகுது. தாயிட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. கிண்ணியாப் பக்கம் மழை எண்டா நான் போனை எடுக்கிறேல்ல.