எனக்கு மட்டும் இல்லாத செட்டு மாத்திரை

போன மாதம் நல்லம்பள்ளியில் ஒரு மெடிக்கல் ஷாப்காரர் எனக்கு மாத்திரை தர மாட்டேன் என்றுவிட்டார்.

கடையில் மாத்திரை இருந்தது. எனக்கு முன்னால் நின்றவருக்குக் கொடுத்தார். பின்னால் நின்றவருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் இல்லையாம்!

நான் கேட்டது பெரிய மருந்து ஒன்றும் கிடையாது. செட்டு மாத்திரை. "உடம்பு வலி, ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும், நாலைந்து கலரில் மாத்திரைகளைக் கத்தரித்து ஒரு சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது... ஒரு கேள்வியும் கிடையாது. போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் வலி இருக்காது. தக்காளி பறிக்கிற நாட்களில் எங்கள் ஊரில் பாதிப் பேர் இதில்தான் நடமாடுகிறார்கள்.

அன்று காலை தக்காளி கிரேட் பெட்டிகளை வேனில் ஏற்றியதில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"உங்களுக்கு இல்லீங்கண்ணே" என்றார் கடைக்காரர்.

"ஏன், தீந்துபோச்சா?"

"இருக்குது. உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"எந்த அக்கா?"

"உங்க வூட்டுக்காரம்மாதான். அவருக்கு இருக்கறது ஒரே கிட்னி, வலி மாத்திரை குடுத்தீங்கன்னா கடை வாசல்லயே வந்து உக்காந்துக்குவேன்னாங்க. சொன்னா செய்வாங்கண்ணே..."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். நான் கூட்டத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துப்போகிற ஆள். வண்டி சாவியைக் கூட அங்கேயே விட்டுவிட்டு வந்து, மறுபடி போய் எடுக்க வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். மல்லிகா என் மனைவி. சில வருடங்களுக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. கொஞ்ச காலம் டயாலிசிஸில் ஓடியது. பிறகு என்னுடையதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். "கல்யாணத்துக்குப் பாத்த ஜாதகத்தை விட இது நல்லாப் பொருந்தியிருக்குதே மாமா!" என்றான் என் மச்சான். அவன் எப்போதும் அப்படித்தான்.

வைத்துவிட்டால் கதை முடிந்ததா? அங்கேதான் ஆரம்பம். வந்து சேர்ந்த சிறுநீரகத்தை அவள் உடம்பு வேற்றாளாக நினைத்து விரட்டிவிடாமல் இருக்க, ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். ஒரு வேளை தப்பக் கூடாது. அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால் சாதாரணக் காய்ச்சலே பயமுறுத்தும். முதல் வருடம் ஒரு காய்ச்சலில் மறுபடி அட்மிட் ஆகி, எல்லோரையும் கதிகலங்க வைத்துவிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள். மாஸ்க் போட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போகிறாள். மாத்திரை நேரத்துக்கு அவள் போனில் அலாரம் அடித்தால், பந்தியில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களே தண்ணீர் டம்ளரைத் தேடுகிறார்கள்.

சரி, கொடுத்தவன்?

எனக்கும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். வருடா வருடம் ரத்தம், யூரின், பிரஷர் பார்க்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. முதல் இரண்டு வருடம் ஒழுங்காகப் போனேன். அப்புறம்...

அப்புறமும் போய்க்கொண்டுதான் இருந்தேன்! அதுதான் வேடிக்கை. மல்லிகாவின் ஒவ்வொரு செக்கப்புக்கும் தொப்பூர் கணவாய் தாண்டி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபைலைப் பிடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து ஓடுவேன். அவள் ரிசல்ட் நன்றாக இருந்தால், வீட்டுக்கே நல்ல ரிசல்ட் வந்த மாதிரி திரும்பி வந்துவிடுவேன். இத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதன் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று யாருக்காவது தோன்றுமா? எனக்கே தோன்றவில்லையே!

கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன்.

"ஊரெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்தியா? மானம் போச்சு."

"ஊர்ல பாதிப் பேரு செட்டு போடறாங்களேன்னு இந்த வாரந்தான் எல்லா மெடிக்கல்லயும் சொல்லி வெச்சேன்" என்றாள் மல்லிகா, வெங்காயம் உரித்தபடி. "உங்களுக்குத்தான் வாய் தொறக்க வெக்கம். ஒரே கிட்னின்னு நீங்க சொல்லுவீங்களா? கடைக்காரன் கேப்பானா?"

"ஒரு செட்டுல என்ன ஆயிடும்?"

அவள் கை நின்றது. "ஒண்ணுதானா?"

நான் குனிந்து வெங்காயத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"ஏங்க... இதுக்கு முன்னாடியும் போட்டிருக்கீங்களா?"

"பறிக்கிற அன்னிக்கு மட்டும்..."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வலது பக்கம் அடிவயிற்றில், வைத்திருக்கிற இடத்தில், கையை வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் இதை வெச்சிக்கிட்டு எப்படிங்க இருப்பேன்?"

அதற்கு மேல் எனக்கு மானம் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் சேலம். வழக்கமான பெஞ்ச். இந்தத் தடவை ஃபைல் அவள் மடியில். நர்ஸ் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார். யாரோ அசட்டு ஆள் என்று நானும் சுற்றிப் பார்த்தேன்.

"உங்களைத்தாங்க!" என்று மல்லிகா தோளில் ஒன்று வைத்தாள்.

மாலையில் ரிசல்ட் வந்தது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் முன்பை விடக் கொஞ்சம் ஏறியிருந்தது. வலி மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்றார். நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

"இறங்கிடுமா சார்?" கேட்டது நான் இல்லை, அவள்.

"இறங்கும்னுதாம்மா நெனைக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த இரண்டு வாரத்தை என்னவென்று சொல்வது! என் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர். கிரேட் தூக்க ஆள் வைத்தாயிற்று. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம். மல்லிகா சிரிக்கவே இல்லை. தனக்கு வந்தபோது கூட அவள் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. பயப்படுகிற வேலையை அப்போது நான் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது.

இரண்டாவது ரிசல்ட் பழைய இடத்துக்கே இறங்கி வந்திருந்தது. "ஒரு சிறுநீரகத்தோட நல்லா வாழலாம். ஆனா அது ஒண்ணுதான்ங்கறது ஞாபகம் இருக்கணும்" என்றார் டாக்டர். வரும் வழியில் தொப்பூரில் நிறுத்தி டீ குடித்தோம். மல்லிகா அங்கேதான் சிரித்தாள்.

ஒருவர் உறுப்பைக் கொடுத்த அன்றைக்கு நாம் கொண்டாடுகிறோம். மாலை போடுகிறோம், கண் கலங்குகிறோம். அடுத்த மாதம் வாங்கிக்கொண்டவரை மட்டும் விசாரிக்கிறோம். கொடுத்தவர் எழுந்து நடந்து வேலைக்குப் போய்விட்டாரே, இனி அவருக்கென்ன? இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கொடுத்தவரே மறந்துவிடுகிறார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி யாராவது இருந்தால், கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

போன ஞாயிறு ஏரியூரில் ஒரு கல்யாணம். மல்லிகாவின் பெரியப்பா வழக்கம் போல, "உடம்பு எப்படிம்மா இருக்குது?" என்றார்.

"என்னை வுடுங்க பெரியப்பா. அவரைக் கேளுங்க."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். பந்தி மொத்தமும் திரும்பியது. "மாப்ள, நீங்க எப்படி இருக்கீங்க?"

இத்தனை வருடத்தில் முதல் தடவை. சிறுநீரகம் கொடுக்கும்போது வராத வெட்கமெல்லாம் அப்போது வந்தது. "நல்லா இருக்கேங்க" என்றேன், இலையைப் பார்த்துக்கொண்டு. அலாரம் அடித்தது. மாத்திரை மல்லிகாவுக்கு. தண்ணீர் டம்ளர் முதலில் என் கைக்குத்தான் வந்தது.

நல்லம்பள்ளியில் இப்போது எனக்குத் தைலம் கொடுப்பதற்குக் கூடக் கடைக்காரர் மல்லிகாவுக்குப் போன் போடுகிறார்!