சுரங்கத்துக்குப் போய் வந்த கிழங்கு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று நிலக்கரி மைன்ஸில் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசரிடமே எகிறுவேன். அப்படிப்பட்டவனை ஆட்டிவைத்தது ஒரே ஒரு ஜீவன்தான். எங்கள் குவார்ட்டர்ஸில் குட்டியிலிருந்து வளர்ந்த நாட்டு நாய்.

நான் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். மனைவி நர்ஸ், அவளுக்கும் ஷிஃப்ட். வேலை முடிந்து வருகிறவர் கேட்டைத் திறந்ததும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து எதையாவது எடுத்து நாய்க்குக் கொடுக்க வேண்டும். இது எங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்காத சட்டம். நான் பிஸ்கட், அவள் ரஸ்க்.

நாய்க்கு ஏழு வயது ஆனதும் மனைவிக்கு ஞானம் வந்தது. மைதாவும் சர்க்கரையும் இனி வேண்டாம், இயற்கையாக ஏதாவது கொடுப்போம் என்றாள். அவள் பிறந்த வீடு முத்தாண்டிக்குப்பம். முந்திரித் தோப்பு உண்டு. உடைந்த முந்திரி டப்பா டப்பாவாக எங்களுக்கு வரும்.

"மரத்துல காய்க்கிறதுதானே, இன்னா செஞ்சிடப் போவுது?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நான் வேலையிலிருந்து வரும்போது ஒரு கைப்பிடி கொடுத்தேன். அவள் வரும்போது அவளும் ஒரு கைப்பிடி கொடுத்தாள். பிஸ்கட்டும் ரஸ்க்கும் நின்றபிறகு, முந்திரி கொடுப்பது தான் மட்டும்தான் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்குவார். சேர்ந்து விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் பால் வந்ததா, யூனிஃபார்ம் காய்ந்ததா என்று பேசுவோமே தவிர, முந்திரியைப் பற்றி யார் பேசுவார்கள்? நாயோ, ஒரு மாதமாகச் சோற்றையே பார்க்காதது மாதிரி இரண்டு பேரிடமும் நடித்து வாங்கிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வாந்தி எடுத்தது. முதுகை வளைத்துக்கொண்டு நடுங்கியது. பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையம் வீங்கியிருக்கிறது என்றார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஒரு கைப்பிடி முந்திரி மேடம். நான் வர்றப்ப மட்டும்," என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களுமா?"

"இயற்கையா இருந்தா மட்டும் போதுமா சார்? முந்திரி பூரா கொழுப்பு," என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவை இப்படி வந்தா இது தாங்காது. அதுக்காகப் பட்டினியாவும் கிடக்கக் கூடாது. ஏதாவது சாப்பிட்டே ஆகணும்."

கிஸ்மிஸ் கூடாது, வெங்காயம் கூடாது, உப்புக் கருவாடு கூடாது, எண்ணெய் கூடவே கூடாது. வேகவைத்த சக்கரவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், கேரட், விதை எடுத்த வெள்ளரிக்காய் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குழைந்த சோற்றை இரண்டு வாய் நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. எதையாவது ருசி காட்டி வாயைத் திறக்க வைக்க வேண்டும். காய்கறிக் கடையில் பையை நீட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற நான், கிழங்கு கிழங்காக எடுத்து முகர்ந்து பார்த்தேன். நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்க வேண்டும் என்று மனைவி உத்தரவு போட்டாள். குளித்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவி, அடுக்களையில் சுத்தமான தட்டில் வைத்தேன். கிழங்கை முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேரட்டுக்கும் அதே மரியாதை. வெள்ளரிக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு இன்னாதான் வேணும்? சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன். வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு, எழுந்து போய் கேட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிந்தது. பயத்தில் எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை.

நான்காம் நாள், அது ஒதுக்கிய கிழங்கை நானே தின்றுவிடலாம் என்று ஒரு சின்ன டப்பாவில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனேன். பெல்ட்டில் ஏதோ கோளாறு, தின்ன நேரமில்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். கேட்டைத் திறந்ததும் நாய் எழுந்து வந்து பைக்குள் மூக்கை விட்டது. டப்பாவைத் திறந்தேன். என் கையிலிருந்து கிழங்கைப் பிடுங்கித் தின்றது! காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே கிழங்கு.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் ஒரே கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மறு பாதியைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்ததும் மனைவி கழுவிய கையில் வீட்டுப் பாதியை நீட்டினாள். நான் கழுவாத கையில் என் பாதியை நீட்டினேன். நாய் அவளைத் தாண்டி என்னிடம் வந்தது.

இத்தனைக்கும் அந்தக் கிழங்கு டப்பாவுக்குள் மூடியிருந்தது. என் கையில்தான் நிலக்கரியும் கிரீஸும் பெல்ட்டின் ரப்பரும் வியர்வையும் ஏறியிருந்தன. எட்டு மணி நேரம் நான் எங்கே நின்றேன், எதைத் தொட்டேன் என்பதையெல்லாம் அது என் விரலிடுக்கில் படித்துவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மண்ணை வெட்டித் தள்ளும் அந்த ராட்சத இயந்திரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றவன் நான். சில வருஷத்தில் அது பழகிப்போனது. இந்த மூக்கு இன்னும் எனக்குப் பழகவில்லை. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அன்றிலிருந்து தினமும் கிழங்கு என்னோடு ஷிஃப்டுக்கு வந்தது. "இன்னாங்க, கிழங்குக்கும் அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடித்தார்கள். மனைவி வெள்ளரித் துண்டுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தாள். மருந்து நெடி அடிக்கும் கையிலிருந்து அதையும் தின்றது. அந்த ருசியில் தட்டுச் சோறும் மெல்ல உள்ளே போக ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு மழை நாள். நைட் ஷிஃப்ட் முடிந்தும் எனக்கு அடுத்து வர வேண்டியவர் வரவில்லை. அப்படியே அடுத்த ஷிஃப்டும் பார்க்கச் சொன்னார்கள். பசி தாங்காமல் நாய்க்கு வைத்திருந்த கிழங்கை நானே தின்றுவிட்டேன். மத்தியானம் கிளம்பும்போது மனைவி போன் செய்தாள்.

"காலையிலேர்ந்து கேட்டாண்டயே படுத்துகினு இருக்குதுங்க. நான் குடுத்தா வாயே திறக்கல. சோறு வச்சது வச்சபடியே இருக்குது."

வண்டியில் வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். இப்போதுதான் தேறி வருகிறது, மறுபடி பட்டினி கிடந்தால் என்ன ஆகும்?

கேட்டைத் திறந்தேன். நாய் எழுந்து நின்றது. சேற்றிலேயே குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "இல்லடா கண்ணு. நானே தின்னுட்டேன்."

அது அவசரப்படவில்லை. உள்ளங்கையை முகர்ந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக, மணிக்கட்டு, சட்டைக் காலர், காது மடல் என்று முகர்ந்துகொண்டே போனது. என் கன்னத்தை ஒரு நக்கு நக்கியது. அப்புறம் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டது.

"ஏங்க, தின்னுதுங்க!" என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்.

நான் எழுந்திருக்கவில்லை. பூட்ஸும் யூனிஃபார்முமாக மழையில் உட்கார்ந்து அழுதேன். அதற்கு எதைக் கொடுப்பது என்றுதான் நான் இத்தனை நாளும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். நான் சுரங்கப் பள்ளத்திலிருந்து முழுசாகத் திரும்பி வந்துவிட்டேனா என்றுதான் அது இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வந்துவிட்டேன் என்று தெரிந்தபிறகுதான், ஆறிப்போன அந்தச் சோறு அதற்கு இறங்கியது.