ஏரிக்கு வெள்ளையடித்தவள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. இடம், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெரிய ஏரி இருக்கும் தாமல்.

நானும் என் வீட்டுக்காரரும் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிறோம். கல்யாணமான புதிதில் வாளி தூக்கிக் கொடுக்கத்தான் அவர் கூடப் போனேன். இப்போது ரோலர் பிடிப்பதில் அவரைவிட நான்தான் வேகம். அவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.

தீபாவளி சமயத்தில் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அவர் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்து வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தாமலிலிருந்து ஒரு தம்பி வந்தார். இருபத்தேழு வயசு இருக்கும். ஏதோ கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலையாம்.

"அக்கா, வெள்ளிக்கிழமை பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. அதுக்குள்ள வூட்டை வெள்ளையா ஆக்கிக் குடுத்துடுங்க. ரெண்டே ரூமுதான்" என்றார்.

வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். அம்மா மட்டும்தானாம். அவரும் கண் முகாம் வண்டியில் கண்புரை ஆபரேஷனுக்குப் போயிருக்கிறாராம், புதன்கிழமைதான் வருவாராம். போகும்போது கொஞ்சம் தயங்கி, "சொவுத்துல அம்மா ஏதோ கிறுக்கி வெச்சிருக்கும். கண்டுக்காதீங்க, மேலயே அடிச்சிடுங்க" என்றார்.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் கிறுக்கல் சகஜம். அம்மா கிறுக்கி வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தம்பி கதவைத் திறந்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். நான் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தரையிலிருந்து மேலே வரைக்கும் விரல் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் நீலம். அந்த நீலத்துக்குள் ஒரு ஊரே இருந்தது. வாலும் செதிலும் முளைத்த டவுன் பஸ் ஒன்று, ஜன்னலோரமெல்லாம் கெண்டை மீன்கள். தலைகீழாக ஒரு கோபுரம், அதைச் சுற்றி நண்டுகள் தேர் இழுத்தன. ஒரு விரால் மீன் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தது. பக்கத்தில் மீன் மார்க்கெட். அங்கே மீன்கள் கடை போட்டிருந்தன, தராசில் மனுஷங்களை வைத்து எடை போட்டன! துணிக்குப் போடும் நீலம், அடுப்புக்கரி, செங்கல் பொடி, நடுநடுவே பட்டு நூலுக்குப் போடும் சாயத்தின் பளிச்சென்ற ரோஸ்.

அதைப் பார்த்ததும் என் மனசில் வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். 'ஐயோ, இந்த நீலம் ரெண்டு கோட் போட்டாலும் கசியுமே!' அவ்வளவுதான்.

வாசலுக்கு நேர் எதிரே இருந்த பெரிய சுவரில் ஆரம்பித்தேன். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிரைமர் ஓட்டினேன். காய்ந்ததும் இன்னொரு கோட். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மதியம் ஒரு மணிக்குச் சுவர் பால் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு ரொம்பத் திருப்தி.

கையைக் கழுவிக்கொண்டு, எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டு, அஞ்சு நிமிஷம் முதுகை நீட்டலாம் என்று தரையில் படுத்தேன். அப்போதுதான் கான்கிரீட் கூரையைப் பார்த்தேன்.

அங்கே எருமைகளின் வயிறு தெரிந்தது. நாலைந்து எருமைகள், கீழே இருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. வாத்துகளின் அடிப்பக்கமும், துடுப்பு மாதிரி விரிந்த அவற்றின் கால்களும். படித்துறையில் துவைக்கிறவர்களின் கணுக்கால், கொலுசு, தண்ணீரில் மிதக்கும் புடவை முந்தானை. இவற்றுக்கெல்லாம் மேலே, கலங்கலாக, மஞ்சளாக ஒரு சூரியன்.

கூரை என்று நான் நினைத்தது ஏரியின் மேல்மட்டம். நான் ஏரிக்கு அடியில் படுத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொண்டேன்.

சடாரென்று எழுந்து உட்கார்ந்து அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். அங்கே என்ன இருந்தது? காலையிலிருந்து என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்த படம். ஒவ்வொரு அங்குலமும் தேய்த்திருக்கிறேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஏதோ வலை மாதிரி... ஆள் மாதிரி... இல்லை, வரவில்லை. ஈரத்துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்துப் பார்த்தேன். சாம்பல் கறைதான் வந்தது. அதன் மேலும் பிரைமர் தடவி மூடிவிட்டு, ரோலரைக் கழுவி வைத்துவிட்டேன். அடுத்த சுவரைத் தொடக் கை வரவில்லை.

நாலு மணிக்கு அந்தத் தம்பி வந்தார். "என்னக்கா, ஒண்ணோட நிறுத்திட்டீங்க?"

"தம்பி, அம்மாகிட்ட சொல்லிட்டுத்தானே செய்றீங்க?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா வுடாதுக்கா. போன தடவை ஒரு பொண்ணு வூட்ல இருந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க. அப்புறம் ஆள் வுட்டு கேட்டாங்க, உங்கம்மாவுக்கு மூளை சரியாத்தானே இருக்குதுன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்கம்மா ஏரி மீனைக் கூடையில தூக்கிக்கினு டவுன் பூரா நடந்து வித்து என்னைப் படிக்க வெச்சுது. அதை ஒருத்தன் அப்படிக் கேக்கலாமா?"

அவரைத் திட்டலாம் என்று இருந்தேன். திட்ட முடியவில்லை. அம்மா வந்து பார்க்கட்டும், அவர் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்யலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "ஒரு சொவுத்தை மட்டும் அடிச்சிட்டு வந்தியா? ஒண்ணு முழுசா அடிச்சிருக்கணும், இல்ல தொடவே கூடாது. நாளைக்கு அந்தம்மா கட்டையைத் தூக்கிக்கினு நிக்கப் போவுது, பாரு" என்றார்.

புதன்கிழமை தம்பி லீவு போட்டிருந்தார், நானும் போயிருந்தேன். பதினோரு மணிக்கு முகாம் வண்டி வந்து நின்றது. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உயரமாக, ஒல்லியாக ஒரு அம்மா இறங்கினார். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். குரல் மட்டும் மார்க்கெட் பூராவும் கேட்கும்.

"யாருப்பா இது, பொண்ணு வூடா? வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்ன!"

அவர் உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேரும் திருட்டுப் பூனை மாதிரி பின்னால் போனோம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"யாரு அடிச்சது?"

"நான்தாம்மா. தெரியாம..."

"நல்லா அடிச்சிருக்க. ஒரு கோடுகூட இல்லாம வழவழன்னு இருக்குது" என்று சுவரைத் தடவிக் கொடுத்தார். பிறகு பக்கத்துச் சுவருக்குத் திரும்பினார். திரும்பியவர் ஒரே கத்து கத்தினார்.

"ஐயையோ! இன்னாப்பா இது, இவ்ளோ நீலம்?"

நாங்கள் விழித்தோம்.

"தண்ணியாட்டம் பச்சையாத்தானே போட்டேன்! எனக்குப் பச்சையாத்தானே தெரிஞ்சுது! பத்தலையே, பத்தலையேன்னு மேல மேல கொட்டிக்கினே இருந்தேனே!"

ஆபரேஷன் ஆன கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். கையை எடுத்துவிட்டு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இதுல பார்த்தா சேறு. இதுல பார்த்தா திருவிழா!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அறை அறையாகப் போய் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு கண்ணால் பார்த்தார். அந்த ரோஸ் கலரைப் பார்த்ததும், "இதுவா அந்தச் சாயம்? டவுன்ல சாயம் போடறவங்க வூட்டுக்கு மீன் குடுத்த பழக்கம், கேட்டா மிச்சம் மீதியை ஊத்திக் குடுப்பாங்க. இப்படி எரியுது பாரேன்!" என்றார்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அம்மா, அந்தச் சுவத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு" என்றார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது அவர் முகத்தின் மேலா?

"வலையைப் பிரிச்சிக்கினு உக்காந்திருப்பாரு. போயி எட்டு வருஷமாச்சு. எத்தினி வாட்டி வரஞ்சாலும் மூஞ்சி மட்டும் சரியா வரல. ஒரு நாளு விராலாட்டம் இருப்பாரு, ஒரு நாளு அவுங்க அண்ணனாட்டம் இருப்பாரு. அழிச்சிட்டு வரையலாம்னா, அவரை அழிக்க எனக்குக் கை வரல. நீ தெரியாம அடிச்சிட்ட. நல்லதாப் போச்சும்மா. இப்போ கண்ணும் இருக்குது, சொவுரும் இருக்குது."

நான் அழுதுவிட்டேன். அவர் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். தம்பி ஒரு மூலையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீ குடிக்கும்போதுதான் கதை வந்தது. வீட்டுக்காரர் வலை வீசும்போது அடியில் முள்ளில் சிக்கினால் இந்த அம்மாதான் முங்கிப் போய் எடுப்பாராம். கீழே இருந்து கண்ணைத் திறந்து மேலே பார்ப்பாராம். அவர் போன அடுத்த வருஷம் ஏரி வற்றிவிட்டது. மீனும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை. "ஏரி அது பாட்டுக்குப் போயிடுச்சு. நான் வூட்டுக்குள்ள ஒண்ணு வெச்சிக்கினேன்" என்றார். மேசை மேல் பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டு, மூங்கில் குச்சியில் பல் விளக்கும் பிரஷ்ஷைக் கட்டித்தான் கூரையை வரைந்தாராம். படம் வரையக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டேன். "மீனுக்கு நீச்சல் யாருமா கத்துக் குடுத்தது?" என்றார்.

கடைசியில் மகனிடம், "இந்தச் சொவுரு வெள்ளிக்கிழமை வரைக்கும் உனக்கு. அப்பால எனக்கு. மத்ததைத் தொட்டியோ, வர மருமவளை மீன் வாயில வரைஞ்சிடுவேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என்னையும் வெள்ளிக்கிழமை கட்டாயம் வரச் சொன்னார்.

போனேன். அந்தத் தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. பெண்ணின் அப்பா பஸ் கண்டக்டராம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மீன் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கே பயமாகிவிட்டது. கடைசியில் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, இவ்ளோ பேர் ஏறியிருக்காங்க. கண்டக்டரைக் காணோமே?"

"ஆளு கிடைக்கலை சம்பந்தி. நீங்க வரீங்களா?" என்றார் இந்த அம்மா.

அவர் சிரித்த சிரிப்பில் காபி சட்டை மேல் கொட்டியது. கல்யாணப் பெண் தலையை அண்ணாந்து கூரையைப் பார்த்தவள், கிளம்பும் வரை கீழே இறக்கவேயில்லை. தை மாதமே கல்யாணம் நடந்தது.

கல்யாணம் முடிந்து ஒரு மாசம் கழித்து, எங்களிடம் மிச்சமிருந்த நல்ல பெயிண்ட் டப்பாக்களை எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு தாமலுக்குப் போனேன். நான் அடித்த சுவரில், வலையைப் பிரித்துக்கொண்டு ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்காரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நான் அவரைப் பார்த்ததில்லையேம்மா."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். பார்க்காதவங்களுக்குத் தெரியணும், ஆளு எப்படின்னு."

கொஞ்ச நேரம் பார்த்தேன். "ரொம்பப் பொறுமைசாலி மாதிரி இருக்காரும்மா" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "பொறுமையா? அவருக்கா? மூக்கு நுனியில கோவம் நிக்கும்! அப்போ மூக்கை மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, எங்களை மறந்து உடனே வேலையில் இறங்கிவிட்டார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமலேயே வெளியே வந்தோம்.

இன்றைக்கும் ஒரு சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும்போது, இது என் வேலையின் முடிவா, இல்லை யாரோ ஒருவருக்கு ஆரம்பமா என்று ஒரு நினைப்பு வந்து போகிறது. அந்த நினைப்பு வர ஆரம்பித்ததிலிருந்து, இத்தனை வருஷம் பிழைப்புக்காகச் செய்த இந்த வேலை எனக்கு முன்னைவிடக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது.