துவக்கு லைசனும் பிளந்த நகமும்

அடுத்தவன் உயிரைக் காக்கும் வேலைக்குப் போனால் முதலில் நம் உயிரை வாங்கிவிடுவார்கள்; ஒரு கடிதத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய எவருக்கும் இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பன்வில தோட்டத்தில் வாச்சர் வேலையை விட்டுவிட்டு, துவக்கோடு நிற்கும் மெய்ப்பாதுகாவலனாகக் கண்டியில் ஒரு செக்கியூரிட்டி கம்பெனிக்கு வந்தவன் நான். மூன்று மாதப் பயிற்சி, சுடப் பழகிய பிறகு லைசன். எங்கே சறுக்கினாலும் வீட்டுக்குத்தான். தோட்டத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மனைவி செல்விக்கு அப்போது நாலு மாதம்.

மார்க்கட்டில் ஒரு கை

பயிற்சி தந்தவர் ஓய்வுபெற்ற சிங்கள சார்ஜன்ட். தமிழ் நன்றாகப் பேசுவார், ஏசுவதற்கு மட்டும் சிங்களம். கண்டி மார்க்கட்டுக்குள் எங்களை நடக்கவிட்டு, வெளியே வந்ததும் யாரைக் கண்டாய் என்று கேட்பார். எனக்கு நினைவிருந்தது ஒரு கைதான். பெருவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. கூடவே கராம்பு வாசம். முகம்? சத்தியமாகத் தெரியாது. ஏச்சுக்குத் தயாராக நின்றேன். மனுஷன் முதுகில் தட்டினார்.

"முகம் சிரிக்கும் தம்பி, சுடுறது கைதான். நீ கையையே பாரு."

நடத்தைச் சான்றிதழ்

தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பராவுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. இலக்கமில்லாத ஆளுக்கு எப்படி நற்சான்று தருவது என்று கிராம சேவகர் என்னை மூன்று தரம் அலையவிட்டார். மூன்றாம் தரம் வரிசையில் நிற்கிறேன், பக்கத்துக் கம்பியில் ஒரு கை. அதே பிளந்த நகம், அதே கராம்பு வாசம். நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதற்குள் கம்பியில் யாரும் இல்லை. உள்ளே போனால் கிராம சேவகர் கேட்கிறார்:

"ஒங்களப் பத்தி விசாரிக்க ஏற்கனவே ஒருத்தர் வந்தாரே, அவர் பொலிஸ் இல்லையா?"

வீட்டில்

அதற்குப் பிறகு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் அந்தக் கை. சுட்டுப் பழகும் இடத்து வேலிக்கு வெளியே அந்தக் கை. தூக்கம் போயிற்று. சோறு போட வந்த செல்வியின் விரல்களையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, என் கையில என்ன துவக்கா இருக்கு? மூஞ்சியப் பாத்துப் பேசுங்க!"

டொக்டர் சீட்டு

துவக்குப் பிடிக்க மனநிலை சரி என்று டொக்டர் எழுதித் தரவேண்டும். நல்ல மனுஷன், சிரித்துச் சிரித்துத்தான் கேட்டார். யாரோ உங்களைப் பின்தொடர்வது போலத் தோன்றுகிறதா? அட கடவுளே, இதையா கேட்க வேண்டும்! உண்மையைச் சொன்னால் லைசன் போச்சு. செல்வியின் வயிறு கண்ணுக்குள் வந்தது. "அப்படி ஒண்ணும் இல்லீங்க டொக்டர்" என்றேன். என் வெட்கங்கெட்ட குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் வாங்கப்போனேன், அவர் சீட்டை விடவில்லை.

"அப்ப ஏன் மூணு தரம் கதவத் திரும்பிப் பாத்தீங்க?"

முதல் நாள்

எப்படியோ டொக்டர் கடைசியில் சீட்டை விட்டார், லைசன் வந்தது. அக்குறணையில் ஒரு பலசரக்கு மொத்த வியாபாரிக்கு யாரோ மிரட்டல் விட்டிருந்தார்கள்; அவர் பின்னால் நிற்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. வீட்டு வாசலிலேயே கராம்பு வாசம் அடித்தது. மூட்டைகள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த வியாபாரி ஹாஜியார் தன் கையாலேயே தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். கோப்பையைப் பிடித்திருந்த பெருவிரலின் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது.

மூன்று மாதத்தில் முதல்தடவையாக அந்தக் கைக்குரிய முகத்தைக் கண்டேன். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம். பயிற்சியின் முதல் வாரமே கம்பெனி என் பெயரையும் படத்தையும் அவரிடம் கொடுத்திருந்ததாம்.

"பயந்துட்டீங்களா மகன்? துவக்கோட எனக்குப் பின்னால நிக்கப் போற ஆள் நீங்க. அதுக்கு முந்தி கொஞ்ச நாள் ஒங்களுக்குப் பின்னால நான் நிண்டு பாக்க வேணாமா?"

இப்போது அவருக்குப் பின்னால் நான் நிற்கிறேன். எனக்குப் பின்னால் நிற்பது யார் என்று திரும்பிப் பார்க்கத்தான் இந்த லைசனில் இடமில்லை.