மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி

அத்தைக்குத் தையல் தொழில். ஜன்னல் திரை, சோபா உறை, மெத்தை உறை. வீட்டின் கீழ்த்தளம் கடை, மேல்தளம் குடித்தனம். அவளிடம் வேலை கொடுப்பவர்கள் எல்லோரும் ஒரே பாராட்டைத்தான் சொல்வார்கள்: எங்கே தைத்திருக்கிறது என்றே தெரியவில்லை. தையலை மடித்து, உள்ளே தள்ளி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, அது இருந்த தடமே இல்லாமல் செய்துவிடுவாள்.

வெல்டிங் மெஷின் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் தெருமுனைப் பட்டறைக்காரர். துணி வெட்டும் மேசையின் இரும்புக் கால் விட்டுப்போனபோது அத்தை அவரிடம் போனாள். அவர் நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை எந்தக் காலண்டரிலும் இல்லாத நாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே மலிவான மெஷின் ஒன்றை அத்தை வாங்கினாள். ஒரு கையால் தூக்கிவிடலாம். உள்ளே கம்பிச் சுருள். கையில் பிடிக்கும் டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி தானாக ஓடிவந்து உருகும். கேஸ் சிலிண்டர் வேண்டாம். கம்பிக்குள்ளேயே மருந்து அடைத்திருக்கிறது. வீட்டு மின்சாரம் போதும்.

“இதுவும் தையல் மெஷின்தான். நூலுக்குப் பதிலா கம்பி. அவ்வளவுதான்” என்றாள் அத்தை.

முதலில் செய்தது செருப்பு வைக்கும் அலமாரி. அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

“இதுல செருப்பு வைக்கணுமா, சறுக்கி விளையாடணுமா?” என்று மாமா கேட்டார். அவர் லாரி ஓட்டியவர். இரும்பைப் பற்றித் தனக்கு நாலு விஷயம் தெரியும் என்று நினைப்பவர். ஆனால் டார்ச்சைத் தொட மாட்டார். பொறி கண்ணுக்கு ஆகாதாம்.

அடுத்தடுத்த வேலைகள் நேராக நின்றன. பூந்தொட்டி ஸ்டாண்ட், வெட்டு மேசைக்குப் புதுக் கால், துணிச் சுருள் மாட்டும் சட்டம். பற்றவைப்பதைவிட அதற்குப் பிறகு வரும் வேலைதான் அத்தைக்குப் பிடித்திருந்தது. கிரைண்டரை எடுத்து இணைப்பின் மேடு பள்ளத்தையெல்லாம் தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டு துண்டு ஒன்றானது யாருக்கும் தெரியாது. “பூசி மெழுகுறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லை, டைலரம்மா” என்பார் மாமா. அந்த நாட்களில் அது பாராட்டாகத்தான் இருந்தது.

பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிவந்தார்கள். அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. இடது கால் இழுத்தது. இடது கை ஒன்றைப் பிடிக்கும், ஆனால் இறுக்காது. நடைப்பயிற்சி கொடுக்க வந்த பெண், இந்த மாதங்களில் படி ஏறி இறங்கிப் பழகாவிட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்று அவர் எதிரிலேயே சொன்னாள். ஏறுவதில் சிக்கல் இல்லை. ஏறும்போது பழைய கைப்பிடி வலப்பக்கம் வரும். இறங்கும்போது வலது கைக்கு வெறும் சுவர்தான்.

“சுவத்துல ஒண்ணு போட்டுட்டா ஆச்சு. இதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். நானே செய்யுறேன்” என்றாள் அத்தை.

பைப் வாங்கினாள். சுவரில் திருகும் தகடுகளும், தகட்டிலிருந்து பைப்பைத் தாங்கும் குட்டைக் கம்பிகளும் வெட்டினாள். பைப் மெல்லியது, ஓட்டை விழுந்துவிடுமோ என்று சூட்டைக் குறைத்தே வைத்தாள். வழக்கம் போலத் தேய்த்து, பூசி, வெள்ளைப் பெயின்ட் அடித்தாள். கடையில் தையலைச் சோதிப்பது போல ஒவ்வொரு தாங்கியையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். கடையில் அவளுக்கு உதவிக்கு இருந்த நானும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

கடை மூடிய ஒரு நாளில் மாமா இறங்கினார். அத்தை அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்கினாள். நான் பின்னால் நின்றேன். பாதிப் படி வரை நன்றாகவே வந்தார். நடுவில், உடம்பின் முழுப் பாரத்தையும் வலது கையில் போட்டபோது, குச்சி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. பைப் சுவரைவிட்டு விலகியது. மாமா சுவரில் தோள் உரச, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் இல்லை. அத்தை அவர் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை மேல கூட்டிட்டுப் போ” என்றார்.

அதற்குப் பிறகு படிப்பக்கமே வர மறுத்தார். பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் இன்று தலைவலி என்றார், அடுத்த முறை முதுகுவலி என்றார். சாப்பாடு அறைக்கே போனது. அத்தை ஒரு தடவை, “கைப்பிடியை வேற ஆளை வச்சு மாத்திடலாங்க” என்று ஆரம்பித்தாள்.

“யார் போட்டா என்ன. இங்கயே எனக்கு என்ன குறைச்சல்?”

அத்தை கைப்பிடியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தாள். பட்டறைக்காரர் அந்த வழியாகப் போனவர், தானாகவே உள்ளே வந்து ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அக்கா, இது உருகிச் சேரவே இல்லை. மேல உட்கார்ந்திருந்திருக்கு. உட்கார்ந்திருந்ததையும் நீங்க தேய்ச்சு எடுத்துட்டீங்க.”

“அசிங்கமா இருந்துச்சேப்பா.”

“அந்த அசிங்கம்தான்கா பிடிச்சிட்டு நிக்கும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் வேணா செஞ்சு தரவா?” என்றார்.

“எப்ப?”

“நாளைக்கு.”

அத்தை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்த வாரம் அவள் சிரித்தது அப்போதுதான்.

அவர் போன பிறகு மீதமிருந்த தாங்கிகளை ஒவ்வொன்றாக வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, சுத்தியலால் அடித்தாள். ஒன்றைத் தவிர எல்லாம் கழன்று விழுந்தன. விழுந்தவற்றின் முகங்கள் வழவழப்பாக, ஒன்றை ஒன்று தொட்டதே இல்லை என்பது போல இருந்தன. அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, துண்டு பைப்புகளை வெட்ட உட்கார்ந்தாள்.

திரைகள் தேங்கின. வாடிக்கையாளர்களிடம் அத்தை நாளைக்கு என்று சொல்லத் தொடங்கினாள். சூட்டைக் கூட்டினால் பைப் ஓட்டையானது. குறைத்தால் ஒட்டாமல் உட்கார்ந்தது. கடைசியில் சூட்டைக் கூட்டி, தடித்த தாங்கிக் கம்பியின் மேல் டார்ச்சை அதிக நேரம் நிறுத்தி, பைப்பைத் தொட்டுத் தொட்டு விலகப் பழகினாள். கிரைண்டரை வெட்டுவதற்கு மட்டும் எடுத்தாள்.

அடித்துப் பார்த்தும் விடாத துண்டு ஒன்று கிடைத்ததும், அதையும், அதே போல இன்னொன்றையும், வைஸையும் மேலே தூக்கிப்போனாள். சாப்பாட்டு மேசையில் வைஸை மாட்டினாள். மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

“என்ன, பட்டறையை இங்கயே கொண்டு வந்துட்டியா?”

“எழுந்து வாங்க. அடிச்சுப் பாருங்க.”

“நானா?”

“வலது கை நல்லாத்தானே இருக்கு.”

மாமா மெதுவாக எழுந்து வந்தார். இணைப்பைக் கட்டைவிரலால் தடவினார். “இது என்ன, புழு ஊர்ந்த மாதிரி.”

“அப்படித்தான் இருக்கும்.”

முதல் அடி ஒப்புக்கு விழுந்தது. இரண்டாவது அப்படி இல்லை. மேசையிலிருந்த தண்ணீர் செம்பு நகர்ந்தது. பைப் வளைந்தது, நசுங்கியது, இணைப்பு விடவில்லை. அவர் தேவைக்கு மேலேயே சில முறை அடித்தார். முகம் சிவந்திருந்தது. யாரும் தடுக்கவில்லை.

“சரி, மாட்டு” என்று சுத்தியலைக் கீழே வைத்தார். “கீழ விழுந்தா உன் மேலதான் விழுவேன். சொல்லிட்டேன்.”

“விழுங்க. மெத்தை உறை தைக்கிறவதானே.”

புதுக் கைப்பிடி அவளுடைய மற்ற வேலைகளைப் போல இல்லை. ஒவ்வொரு தாங்கியின் கீழும் முண்டும் முடிச்சுமாக இணைப்பு தெரிந்தது. மேலே வெறும் பெயின்ட் மட்டும் அடித்திருந்தாள். திரை வாங்க வந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, இதை யாரிடம் கொடுத்துச் செய்தீர்கள் என்று ஒரு மாதிரியாகக் கேட்டாள். நான்தான் செய்தேன் என்றாள் அத்தை.

மாமா இறங்கிய அன்று கடை திறந்திருந்தது. போன தடவை உட்கார்ந்துவிட்ட படியில் நின்றார். கை பைப்பின் மேலேயே இருந்தது, ஆனால் பாரத்தைப் போடவில்லை. நேரம் போயிற்று. அத்தை கீழ்ப்படியில் நின்று பார்த்தாள், கை நீட்டவில்லை. அவர் ஒரு முறை பைப்பைக் குலுக்கினார். பிறகு அதன் மேல் சாய்ந்து, இடது காலை இறக்கினார்.

மிச்சப் படிகள் சீக்கிரம் முடிந்தன. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தெருவில் எதிர்வீட்டுச் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது எப்போது என்று கேட்டார். அத்தை சொன்னாள். ஒரு லாரி தெருத் திருப்பத்தில் பின்னால் வந்து, மாட்டிக்கொண்டு, மறுபடி முன்னால் போனது. “ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பத் தெரியல பாரு” என்றார் மாமா.

அத்தை தேங்கிய திரைகளில் ஒன்றை மெஷினில் வைத்தாள். அது பாதி ஓடியதும் நிறுத்தி, “மேல போலாமாங்க? முதல் நாளே கால் அசந்துடப் போகுது” என்றாள்.

“இரு” என்றார் மாமா. “இப்பதானே வந்தேன்.”